புயல் நாளில் மும்பைக் கப்பலைப் பிடிப்பது

மும்பை பல்லார்டு பியர் முனையத்திலிருந்து கிளம்பும் சொகுசுக் கப்பலுக்குப் புறப்படும் நேரம் ஒன்றுதான். அதற்கு வெகு முன்பே பயணிகள் சோதனை முடிந்து, பெயர்ப் பட்டியல் மூடப்பட்டு, கப்பலுக்கும் கரைக்கும் இடையிலான நடைபாலம் எடுக்கப்பட்டுவிடும். விமானத்துக்கு அப்படியில்லை. மழை, இடி, காற்று எதுவானாலும் அதன் நேரத்தை மாற்றிவிடும். சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ காலை விமானத்தில் வந்து, அன்று மாலையே கப்பல் ஏறத் திட்டமிடும் குடும்பம், நேரம் தவறாத ஒன்றை நேரம் தவறக்கூடிய ஒன்றோடு முடிச்சுப் போடுகிறது. போதாக்குறைக்கு, இரண்டு பயணச்சீட்டுகளும் இரு வேறு நிறுவனங்களோடு செய்துகொண்ட தனித்தனி ஒப்பந்தங்கள். விமானம் ரத்தானால் கப்பல் நிறுவனம் பொறுப்பேற்காது. கப்பலைத் தவறவிட்டால் விமான நிறுவனமும் பொறுப்பேற்காது.

மும்பையிலிருந்து சுற்றுலாக் கப்பல்கள் ஓடும் பருவம் தென்மேற்கு மழை ஓய்ந்தபின் தொடங்கி, அடுத்த மழை இறங்குவதற்குள் முடிகிறது. கார்டிலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’ கப்பல் 2021 செப்டம்பரில் இங்கிருந்து ஓடத் தொடங்கி, கோவா, கொச்சி, லட்சத்தீவு என்று போய்வருகிறது. 2023 நவம்பரில் இத்தாலியின் கோஸ்டா நிறுவனமும் ‘செரீனா’ கப்பலை இந்தியக் கடற்கரைக்குக் கொண்டுவந்தது. அரபிக்கடல் கொந்தளிக்கும் ஜூன் மாதத்தில் எம்ப்ரஸ் கிழக்குக் கரைக்கு மாறிய ஆண்டுகளும் உண்டு. 2022, 2023 ஜூன் மாதங்களில் அது சென்னையிலிருந்து புறப்பட்டது. 2023-இல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைத் துறைமுகங்களைத் தொட்டது.

இந்த நாட்காட்டியைத் தமிழ்நாட்டு மழை மாதங்களோடு சேர்த்து வைத்துப் பார்த்தால் சிக்கல் புரியும். மும்பையில் கப்பல் பருவம் களைகட்டும் நவம்பர், டிசம்பரில்தான் வங்கக்கடலில் புயல்கள் உருவாகின்றன. மும்பை வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும். பல்லார்டு பியரில் கப்பல் ஏற வேண்டியவரோ சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் சிக்கியிருப்பார். கப்பல் சென்னைக்கு மாறும் ஜூனில் இதுவே தலைகீழாகிறது. சென்னையில் வெயில் கொளுத்த, அங்கே கப்பல் ஏற வேண்டிய மும்பை செம்பூர்க் குடும்பம் தன் ஊர் மழையில் மாட்டிக்கொள்ளும். கப்பல் நிற்கும் ஊரின் வானிலையை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியடைவது பயணிகள் செய்யும் முதல் தவறு. விமானம் கிளம்பும் ஊரையும் பார்க்க வேண்டும். அந்த விமானம் அதற்கு முன் எந்த ஊரிலிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

இது எப்போதோ ஒருமுறை நடப்பதல்ல. சென்னையில் 2015 டிசம்பர் 1 இரவு அடையாற்று வெள்ளம் விமான நிலையத்துக்குள் புகுந்தது. அங்கே விமானப் போக்குவரத்து பழைய நிலைக்குத் திரும்பப் பல நாள் ஆயிற்று. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலுக்காக நிலையம் மூடப்பட்டது. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலின்போது காலையில் மூடிய ஓடுபாதை, மறுநாள் காலை 9 மணிக்குத்தான் திறந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலுக்காக நண்பகலையொட்டி மூடி, நள்ளிரவு தாண்டித் திறந்தார்கள். நான்குமே கப்பல் பருவத்தின் நடுவில் வரும் தேதிகள்.

மும்பையின் கணக்கு வேறு. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை கொட்டியபோது விமான நிலையம் ஒரு நாளுக்கு மேல் முடங்கியது. 2020 ஜூன் 3 அன்று நிசர்கா புயலுக்காகச் சில மணி நேரம் மூடினார்கள். 2023 ஜூனில் பிபர்ஜாய் புயல் நடுக்கடலிலேயே நகர்ந்து கடைசியில் குஜராத்தில் கரை கடந்தது. ஆனாலும் மும்பையில் விமானங்கள் தாமதமாயின, ரத்தாயின. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிப் போகும் புயல் ஓடுபாதைக்குக் குறுக்கே வீசும் காற்றை மட்டும் அனுப்பினாலே போதும்.

2021 மே 17 அன்று டவ்தே புயல் மும்பையை ஒட்டிக் கடந்த நாள் பயணிகளுக்கு ஒரு நல்ல பாடம். காலை 11 மணிக்கு விமான நிலையத்தை மூடியபோது, பிற்பகல் 2 மணி வரை என்றுதான் அறிவித்தார்கள். பிறகு 4 மணி என்றார்கள். பிறகு 6, பிறகு 8. கடைசியில் திறந்தபோது இரவு 10. மூடல் இப்படித் தவணை தவணையாகத்தான் நீளும். ஒவ்வொரு அறிவிப்பும் இன்னும் இரண்டு மணி நேரம் பொறுத்தால் போதும் என்ற நம்பிக்கையைத் தருகிறது. அந்த நம்பிக்கையில் வாயிலிலேயே உட்கார்ந்திருப்பவரிடம் மாற்றுவழி தேடுவதற்கான நேரம் கரைந்துபோகிறது. முதல் நீட்டிப்பு அறிவிப்பு வந்த உடனேயே வேறு வழி பார்க்கத் தொடங்கிவிட வேண்டும்.

மழை நின்ற பிறகும் விமானங்கள் உடனே சீராவதில்லையே, ஏன் என்ற கேள்வி எல்லோருக்கும் எழும். மும்பை நிலையத்தில் இரண்டு ஓடுபாதைகள் உண்டு. ஆனால் அவை ஒன்றையொன்று வெட்டிக்கொள்வதால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பயன்படுத்த முடியும். அந்த ஒற்றைப் பாதையில் 2018 டிசம்பரில் ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்களை ஏற்றி இறக்கினார்கள். அவ்வளவு இறுக்கமான வரிசையில் அரை மணி நேர மழை விழுந்தால்கூட, அதன் பாதிப்பு இரவு வரை போகும். 2019 ஜூலை 1 இரவு மழையில் ஒரு விமானம் முதன்மை ஓடுபாதையைத் தாண்டிச் சென்று சேற்றில் சிக்கியது. அதை அகற்றி அந்தப் பாதையைத் திறக்கச் சில நாள் பிடித்தது. அதுவரை சிறிய பாதையில்தான் எல்லாம் நடந்தது. மித்தி ஆறும் இந்த நிலையத்தின் அடியில்தான் ஓடுகிறது. பவாய், விஹார் ஏரிகளில் தொடங்கி, ஓடுபாதைக்குக் கீழே புகுந்து, தாராவியை ஒட்டி மாஹிம் கழிமுகத்தில் கலக்கிறது. 2005-இல் விமான நிலையத்தை முடக்கிய வெள்ளமும், தாராவிக் குடிசைகளுக்குள் ஏறிய வெள்ளமும் ஒரே ஆற்றினுடையவை.

இடி மின்னல் நேரத்தில் இன்னொரு தடை உண்டு. விமானத்துக்குப் பக்கத்தில் நின்று எரிபொருள் நிரப்புபவர்களும் பெட்டி ஏற்றுபவர்களும் திறந்த வெளியில் வேலை செய்கிறவர்கள். மின்னல் எச்சரிக்கை வந்ததும் அவர்களை உள்ளே அழைத்துவிடுவார்கள். விமானமும் விமானியும் தயாராக இருந்தாலும் கடைசிப் பெட்டி ஏறாமல் கதவு மூடாது. வானில் வட்டமிடும் விமானமோ கையிருப்பு எரிபொருள் குறைந்தால் அகமதாபாத்துக்கோ ஹைதராபாத்துக்கோ திரும்பிவிடும். அங்கே காத்திருக்கும்போது விமானியின் பணி நேர வரம்பு முடிந்துவிட்டால், வேறு விமானி வரும்வரை அது நகராது. புயல் கரை கடந்த மறுநாள் விமானங்கள் தாமதமாவது இப்படித்தான். விமானமும் விமானியும் இருக்க வேண்டிய ஊரில் இருக்க மாட்டார்கள்.

ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஏறிய கப்பல் இருபது பேருக்காகக் காத்திருக்காததில் கல்நெஞ்சம் எதுவுமில்லை. துறைமுகத்திலிருந்து கப்பலை வழிநடத்தி வெளியே கொண்டுபோகும் பைலட்டுக்கு நேரம் குறித்திருக்கும். அடுத்த துறைமுகத்தில் நிற்கும் இடமும் மணிக்கணக்கில் ஒதுக்கப்பட்டிருக்கும். ஏறியவர்களின் பட்டியல் அதிகாரிகளிடம் போயிருக்கும். விமானச் சீட்டையும் கப்பல் நிறுவனமே ஏற்பாடு செய்த தொகுப்புப் பயணம் என்றால் நிலைமை கொஞ்சம் மாறும். எந்த விமானத்தில் எத்தனை பேர் வருகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும், மாற்று ஏற்பாட்டுக்கும் அவர்கள் பதில் சொல்ல வேண்டிவரும். தனியாக விமானச் சீட்டு எடுத்தவருக்கு அந்த வசதி இல்லை.

ஆகவே நிச்சயமான தீர்வு ஒன்றே. கப்பல் புறப்படுவதற்கு முந்தைய நாளே மும்பைக்கு வந்துவிட வேண்டும். வங்கக்கடலில் புயல் உருவாகும் மாதங்களில் சென்னை வழியாக வருபவர்கள் இரண்டு நாள் முன்னதாக வருவது இன்னும் நல்லது. ஒரு நாள் ஹோட்டல் வாடகையை வீண் செலவாக நினைத்து, அதே நாள் காலை விமானத்தில் வந்து, பல மடங்கு அதிகமான கப்பல் கட்டணத்தை இழப்பவர்கள் உண்டு. இந்த விஷயத்தில் தமிழ்க் குடும்பங்களுக்குப் பெரிய அனுகூலம் ஒன்று இருக்கிறது. தாராவியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் சித்தி வீடோ, பெரியப்பா வீடோ, அத்தை மகன் வீடோ உள்ள தமிழ்க் குடும்பங்கள் பல. ‘போகும் வழியில் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறோம்’ என்பதை ‘முந்தைய நாளே வந்து ஒரு ராத்திரி தங்குகிறோம்’ என்று மாற்றினால் போதும். புயலுக்கு எதிரான காப்பீடு அந்த வீட்டுக் கூடத்தில் விரிக்கும் பாயிலேயே இருக்கிறது.

தங்கும் இடத்தைக் கடைசிக் கட்டப் பயணத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். செம்பூரிலிருந்து கிழக்கு ஃப்ரீவே நேராகத் துறைமுகத்தை ஒட்டிய பி. டிமெல்லோ சாலையில் கொண்டுபோய் விடுகிறது. 2013-இல் திறந்த இந்த மேல்வழி, தண்ணீர் தேங்கும் தாழ்வான பகுதிகளுக்கு மேலே போவதால் மழை நாளில் கை கொடுக்கும். மாட்டுங்காவிலிருந்து லோக்கல் ரயிலில் சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையம் போய், அங்கிருந்து டாக்ஸி பிடித்தால் பல்லார்டு பியர் பக்கம்தான். ஆனால் கனமழையும் பெரிய அலையேற்றமும் சேர்ந்து வரும் நேரத்தில் மாட்டுங்காவின் கிங்ஸ் சர்க்கிள், காந்தி மார்க்கெட், அதைத் தாண்டி ஹிந்த்மாதா ஆகிய இடங்களில் தண்ணீர் நிற்கும். சயான், குர்லா தண்டவாளங்கள் முழுகினால் லோக்கலும் நின்றுவிடும். 2025 அக்டோபரில் முழு நீளத்துக்கும் திறக்கப்பட்ட மெட்ரோ 3 வழித்தடம் விமான நிலையத்தின் இரண்டு முனையங்களையும், தாராவியையும், சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையத்தையும் நிலத்தடியில் இணைக்கிறது. சாலை நெரிசலைத் தவிர்க்க இப்போது சிறந்த வழி அதுதான். நிலத்தடி என்பதால் மழை தொடாது என்று எண்ணிவிடவும் கூடாது. 2025 மே 26 அன்று பருவமழை வழக்கத்தைவிட இரண்டு வாரம் முந்தி மும்பையில் இறங்கியபோது, அதே வழித்தடத்தின் ஆச்சார்ய அத்ரே சௌக் நிலையத்துக்குள் வெள்ளம் புகுந்து சேவை நின்றது.

புயல் சொல்லாமல் வருவதில்லை. துறைமுகங்களில் ஏற்றும் புயல் கூண்டு எண்கள் தமிழர்களுக்குப் பழக்கமானவை. ஆனால் அவை கப்பல்களுக்கான எச்சரிக்கை. விமானப் பயணி கவனிக்க வேண்டியது இந்திய வானிலை ஆய்வு மையம் கட்டம் கட்டமாக வெளியிடும் புயல் அறிவிப்புகளை. கரையோரத்தில் மோசமான வானிலை தொடங்குவதற்கு ஏறத்தாழ 72 மணி நேரம் முன்பு முதல் முன்னறிவிப்பு வரும். 48 மணி நேரம் முன்பு புயல் உஷார் நிலை, 24 மணி நேரம் முன்பு புயல் எச்சரிக்கை. முடிவெடுக்க வேண்டிய நேரம் அந்த 48 மணி நேரக் கட்டம்தான். அப்போது விமானங்கள் ஓடிக்கொண்டிருக்கும், இடமும் இருக்கும். புயல் வரும்போது பல விமான நிறுவனங்கள் கட்டணம் இல்லாமல் தேதி மாற்றிக்கொள்ள அனுமதிப்பதுண்டு. உஷார் நிலை அறிவிப்பு வந்த அன்றே முந்தைய நாள் விமானத்துக்கு மாறிவிட வேண்டும். 24 மணி நேர எச்சரிக்கை வந்தபின் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்புவார்கள்.

ரயிலுக்கு மாறுவதென்றாலும் அந்த 48 மணி நேரக் கணக்குதான் சரிவரும். சென்னையிலிருந்து மும்பைக்கு ரயில் பயணம் ஏறத்தாழ ஒரு முழு நாள். அரக்கோணம், ரேணிகுண்டா, குந்தக்கல், சோலாப்பூர், புனே என்று அது உள்நாட்டு வழியாகப் போவதால், சென்னைப் புறநகரைத் தாண்டிவிட்டால் கரையோரப் புயல் அதைத் தொடாது. புயல் வந்தபின் ஓடுவதில் பயனில்லை. மிக்ஜாம் நாளில் பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் இடையிலான பாலத்தில் தண்ணீர் ஏறியதால் சென்ட்ரலிலிருந்து புறப்படும் ரயில்களும் ரத்தாயின. விமானம் நின்ற அதே நாளில் ரயிலும் நின்றது. தென் மாவட்டத்தவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. நெல்லையிலோ தூத்துக்குடியிலோ இருப்பவர் மும்பை போகச் சென்னை வந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. மதுரை, கோயம்புத்தூர், திருவனந்தபுரம் நிலையங்களிலிருந்து மும்பைக்கு நேரடி விமானங்கள் உண்டு. சென்னையில் மாறிப் போகும் சீட்டு சற்று மலிவாகக் கிடைத்தாலும், நவம்பர், டிசம்பரில் நேரடி விமானமே நல்லது. சென்னைவாசிகளும் சாலை திறந்திருக்கும்போதே பெங்களூருக்குப் போய் அங்கிருந்து பறக்கலாம்.

மும்பையிலும் இப்போது இரண்டு விமான நிலையங்கள். நவி மும்பை நிலையம் 2025 டிசம்பர் 25 முதல் இயங்குகிறது. சீட்டில் எந்த நிலையம் என்று பார்த்துக்கொள்வது அவசியம். பழைய நிலையத்தில் இடம் கிடைக்காதபோது புதிய நிலையத்துக்கு விமானம் இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பதும் பலன் தரும்.

விமானம் ரத்தான பிறகு பயணியை அதிகம் கட்டிப்போடுவது அவருடைய பெட்டிதான். கவுன்டரில் கொடுத்த பெட்டி விமானத்தின் அடிவயிற்றில் ஏறியிருக்கும். விமானம் ரத்து என்றதும் அதை இறக்கி, வண்டியில் கொண்டுவந்து, வருகைப் பகுதிப் பட்டையில் போட வேண்டும். நூறு விமானங்கள் நின்ற நாளில் அதற்கே பல மணி நேரம் ஆகும். பட்டை சும்மா சுழன்றுகொண்டிருக்கும். யாருடையதோ ஒரு கயிறு கட்டிய அட்டைப் பெட்டி மூன்றாவது முறையாகச் சுற்றி வரும். தன் பெட்டி வரும்வரை வேறு விமானத்தையோ ரயிலையோ பிடிக்கக் கிளம்ப முடியாமல் குடும்பம் நிற்கும். கைப்பையோடு மட்டும் வந்தவர் அந்நேரம் டாக்ஸியில் ஏறியிருப்பார். சில நாள் கடல் பயணத்துக்குக் கைப்பை போதும். பெட்டி கொடுத்தே ஆக வேண்டுமென்றால் அடையாள அட்டை, பாஸ்போர்ட், கப்பல் சீட்டு, மருந்து மாத்திரை, ஒரு மாற்றுடை ஆகியவை கையில்தான் இருக்க வேண்டும். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்து எடுக்கும் பெரியவர்கள் உடன் வந்தால் இது இன்னும் முக்கியம்.

ரத்து அறிவிப்பு வந்ததும் கவுன்டர் வரிசையில் ஒருவர் நிற்கட்டும். இன்னொருவர் நிறுவனத்தின் செயலியில் மாற்று விமானம் தேடட்டும். மூன்றாமவர் கப்பல் நிறுவனத்தை அழைத்து முன்பதிவு எண்ணோடு நிலைமையைச் சொல்லட்டும். மூன்றில் எது முந்துகிறதோ அதைப் பற்றிக்கொள்ளலாம்.

உரிமைகளைப் பொறுத்தவரை, விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.வின் விதி தெளிவாக இருக்கிறது. விமானம் ரத்தானால், காரணம் புயலே என்றாலும், மாற்று விமானமோ முழுப் பணமோ பயணியின் விருப்பப்படி தரப்பட வேண்டும். கூடுதல் இழப்பீடு வேறு விஷயம். நிறுவனத்தின் தவறால் முன்கூட்டிச் சொல்லாமல் ரத்து செய்தால், பயண நேரத்தைப் பொறுத்து 5,000 முதல் 10,000 ரூபாய் வரை இழப்பீடு உண்டு. இயற்கைச் சீற்றத்துக்கு அது கிடையாது. ஹோட்டல் அறையையும் அந்த நிலையில் உரிமையாக எதிர்பார்க்க முடியாது. சேர வேண்டிய பணம் வராவிட்டால் மத்திய அரசின் ‘ஏர்சேவா’ தளத்தில் புகார் பதியலாம். எப்படிப் பார்த்தாலும் திரும்பி வருவது விமானக் கட்டணம் மட்டுமே.

கப்பல் கட்டணத்தை மீட்கக் காப்பீடு ஒன்றே வழி. விமானச் சீட்டு எடுக்கும்போது சில நூறு ரூபாய்க்குச் சேர்த்துக்கொள்ளும் காப்பீடுகள் பெரும்பாலும் விமானத் தாமதத்துக்கு ஒரு சிறு தொகையைத்தான் தரும். தேவைப்படுவது, புறப்பாட்டைத் தவறவிட்டாலோ பயணத்தை ரத்து செய்ய நேர்ந்தாலோ கப்பல் கட்டணத்துக்கும் ஈடு தரும் பாலிசி. புயலுக்குப் பெயர் வைத்த பிறகு வாங்கினால் பயன் இருக்காது. முன்பே தெரிந்த ஆபத்து என்று நிறுவனம் மறுத்துவிடும். கப்பல் சீட்டு எடுத்த வாரத்திலேயே வாங்கிவிட வேண்டும். ரத்து நடந்த அன்றே விமான நிறுவனத்திடமிருந்து காரணத்தைக் குறிப்பிட்ட சான்றை மின்னஞ்சலில் கேட்டு வாங்கிவைக்க வேண்டும். கப்பல் நிறுவனத்தோடு பேசியதையும் அன்றே எழுத்தில் அனுப்பிவிடுவது நல்லது.

கப்பலைப் பிடிக்க முடியாது என்று தெரிந்துவிட்டால், அடுத்த துறைமுகத்தில் ஏறலாமா என்று கேட்டுப் பார்க்கலாம். உரிமையாகக் கோர முடியாது. கோவாவிலோ கொச்சியிலோ நிற்கும் கப்பலில் ஏற, நிறுவனம் சம்மதித்து, பயணிகள் பட்டியலைத் திருத்தி, துறைமுக அனுமதியும் பெற வேண்டும். லட்சத்தீவில் போய் ஏறும் எண்ணமே வேண்டாம். அங்கே நுழைவதற்கே தனி அனுமதி வேண்டும். வெளிநாட்டுப் பயணம் என்றால் விசாவும் குடியேற்ற முத்திரையும் சேர்ந்துகொள்ளும். கேட்பதானால் கப்பல் மும்பையை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே கேட்க வேண்டும். பெயர் ‘வரவில்லை’ என்று பதிவாகிவிட்டால் முழுக் கட்டணமும் போனதாகவே பொருள்.

திரும்பும் நாளிலும் இதே எச்சரிக்கை தேவை. கடல் கொந்தளித்தால் கப்பலே வேகம் குறைக்கும், துறைமுகத்துக்கு வெளியே காத்திருக்கும், ஒரு துறைமுகத்தைத் தவிர்த்துவிட்டும் வரும். காலையில் கரை சேர வேண்டிய கப்பல் பிற்பகலில் சேரலாம். சேர்ந்த பிறகும் ஆயிரக்கணக்கானோர் பெட்டிகளோடு இறங்கி முடிக்க நேரமாகும். அன்றைய முற்பகல் விமானத்துக்குச் சீட்டு எடுத்தால் அது கைநழுவிப் போக வாய்ப்பு அதிகம். இரவு விமானத்துக்கு எடுக்கலாம். மாட்டுங்காவிலோ செம்பூரிலோ இன்னொரு இரவு தங்கிவிட்டு மறுநாள் கிளம்பினால் இன்னும் நல்லது.